பிள்ளைகளோடு கூடாரத்தில் இரண்டு இரவுகள்: விடுமுறைக்கு மட்டக்களப்பு வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை

கனடாவிலும் பிரித்தானியாவிலும் கோடை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்தில் தங்கப் போகிற எங்கள் குடும்பங்கள், ஊருக்கு வந்ததும் விடுதியில் அறை எடுத்துவிடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அங்கே பள்ளிக்கூடம் மூடியிருக்கும் ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் மட்டக்களப்பில் மழையில்லாத, கடல் அடங்கிய மாதங்கள். வெள்ளி மாலையில் தொடங்கி ஞாயிறு மதியம் வரை நண்பர் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து வெளியில் தங்க, இதைவிட நல்ல காலம் கிடையாது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டில் பழகிய முறை இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே பணம் கட்டினால் இலக்கம் போட்ட இடம், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, காவல் எல்லாம் கிடைத்துவிடும். இங்கே அவற்றை ஒரு வீட்டார்தான் தரவேண்டும். ஆகவே கூடாரத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுங்கள்.

முதற்படி: வளவு பார்த்தல்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவருடைய தென்னை வளவே பொருத்தம். கல்குடா, களுவாஞ்சிக்குடி, அம்பாறை மாவட்டத்தில் தம்பிலுவில், திருக்கோவில் என்று எங்காவது உங்கள் இரு குடும்பங்களில் ஒன்றுக்கு உறவு இருக்கும். கிணறு, கழிப்பறை, இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வளவு போதும்.

கேட்பதை நேரில் போய்க் கேளுங்கள். "மாமி, பிள்ளைகள் இரண்டு இரவு உங்கள் வளவில் கூடாரம் அடித்துப் படுக்க ஆசைப்படுகிறார்கள்" என்றால், "வீட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்க, ஏன் பிள்ளைகளை மண்ணில் படுக்கவைக்கப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் பதில் வரும். வாதாட வேண்டாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டை அவர் கையால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். அவருக்கும் மனம் நிறையும், வந்து இறங்கிய களைப்பில் அடுப்பு மூட்டும் வேலையும் உங்களுக்குக் குறையும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. பிள்ளைகளோடு முதன்முதலாகத் தங்குகிறவர்கள் அங்கே போக வேண்டாம். யானை பார்க்க ஆசையென்றால் இங்கினியாகலைக்குப் பகற்பயணமாகப் போய், சேனநாயக்க சமுத்திரத்தில் படகேறி, கல்லோயாத் தேசிய பூங்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பூங்காக்களுக்குள் தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது அனுபவம் வந்தபிறகு செய்யவேண்டியது. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை மலை முருகன் கோயிலடியில் மரநிழல்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கிச் சமைத்து உண்ணும் அடியார்களைக் கண்டவர்களுக்கு, வெளியில் உறங்குவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல என்பது தெரியும்.

இரண்டாம் படி: கொண்டுவருவதும் இங்கே வாங்குவதும்

வெளிநாட்டுக் கூடாரம் குளிருக்கும் மழைக்கும் செய்யப்பட்டது. உள்ளே வலை, வெளியே கனமான மேல்விரிப்பு என்று இரண்டாகப் பிரிக்கக்கூடியது உங்களிடம் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். இங்கே வலைக்கூடு ஒன்றே போதும். நித்திரைப் பைகள் வேண்டவே வேண்டாம், வெக்கையில் அவிந்துபோவீர்கள். ஒரு புற்பாய், ஒரு படுக்கைவிரிப்பு, ஒரு மெல்லிய போர்வை போதும். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் எந்தப் பொதியிலும் ஏற்ற விடமாட்டார்கள். பவர் பேங்கைக் கைப்பொதியில்தான் வைக்க வேண்டும், கூடார முளைகளைப் பெரிய பொதியில் போடுங்கள்.

பெரிய படங்கு (தார்ப்பாய்) ஒன்று, நைலோன் கயிறு, வெற்றுச் சாக்குகள், நுளம்புச் சுருள், பூசும் மருந்து ஆகியவற்றை மட்டக்களப்பு நகரத்திலேயே வாங்கலாம். தண்ணீர்க் கணக்கு முக்கியம். பெரியவர் நால்வர், பிள்ளைகள் நால்வர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் வீதம் குடிக்க மட்டும் 24 லீற்றர் வேண்டும். சமையலையும் சேர்த்தால் இரண்டு நாளைக்கு 19 லீற்றர்க் கலன்கள் மூன்று. கிணற்று நீரைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிப்பதாயின் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

மூன்றாம் படி: கூடாரம் அடித்தல்

மாலை நான்கரைக்குள் தொடங்குங்கள். ஆறரை தாண்டியதும் சடுதியில் இருட்டிவிடும்.

தென்னையின் கீழே அடிக்கவே கூடாது. தென்னைக்குக் கண் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்பிப் பிள்ளைகளைத் தேங்காய்க்குக் கீழே படுக்கவைக்க வேண்டாம். காய்ந்த மட்டையும் எந்நேரமும் விழும். வரிசைகளுக்கு நடுவே வெட்டவெளி தேடுங்கள், அல்லது முதல் நாளே தேங்காய் பறித்து மட்டை தட்டிவைக்க வளவுக்காரரைக் கேளுங்கள். கடற்கரைப் பக்கமாக அடிப்பதென்றால் அடம்பன் கொடி படர்ந்திருக்கும் கோட்டுக்கு உட்புறம் நில்லுங்கள். அதிகாலையில் கரைவலை இழுக்கிறவர்கள் எந்த வழியால் வருவார்கள் என்பதை மீனவர் வாடியில் கேட்டு, அந்த இடத்தை விட்டு விலகி அடியுங்கள்.

அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். கூடாரத்தின் முதுகு மேற்குக்கும் வாசல் கடலுக்கும் இருக்கட்டும். மணலில் சாதாரண முளை நிற்காது, ஓர் இழுப்பில் வந்துவிடும். சாக்கில் பாதிக்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அதில் கயிற்றை முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே நன்றாக மிதியுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் கச்சானுக்கும் அசையாது. பிறகு படங்கைக் கூடாரத்துக்கு மேலே இரண்டு மூன்றடி இடைவெளி விட்டு, மரங்களுக்கிடையில் இழுத்துக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால்தான் உள்ளே படுக்க முடியும்.

வலையின் சிப்பை எப்போதும் மூடியே வைத்திருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நுளம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. வலி குறைவாக இருப்பதால் கடித்ததே தெரியாமல் போவதும் உண்டு. தரையோடு தைத்து மூடிய கூடாரம் அதற்கு நல்ல காப்பு. இரவில் வெளியே போனால் டோர்ச்சும் செருப்பும் வேண்டும். கடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தாலே போதும்: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தை நான்கு பெரியவர்களும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: அடுப்பு

மூன்று கல், காய்ந்த பன்னாடை, சிரட்டை, விறகு. கூடாரத்திலிருந்து பத்து அடிக்கு மேல் தள்ளி, காற்று நெருப்பைக் கூடாரத்தின் பக்கம் கொண்டுபோகாத இடத்தில் அடுப்பை வையுங்கள். தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் தணலை மணலால் மூடுவதே பலரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் மணலுக்கடியில் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில் மிதித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவையுங்கள்.

சனிக்கிழமை காலையில் கரைவலை மீன் கிடைத்தால் சுட்டும், தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தும் சாப்பிடலாம். ஒரு வேளையை ஒரு குடும்பம், அடுத்த வேளையை மற்றக் குடும்பம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் மனவருத்தம் வராமலிருக்க இதுதான் வழி. சட்டித் தயிரை அன்றன்றே வாங்குங்கள், அந்த வெக்கையில் மறுநாளைக்குப் புளித்துவிடும்.

ஐந்தாம் படி: தண்ணீரில் பிள்ளைகள்

நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போங்கள். ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், அலையும் குறைவு. கச்சான் வீசும்போது காற்றடைத்த மிதவைகளைக் கொடுக்கக் கூடாது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று பிள்ளையோடு சேர்த்து மிதவையை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். வாவியிலும் ஆற்றிலும் முதலை உண்டு, ஆகையால் அங்கே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இறங்க வேண்டாம். பெரியவர்களில் ஒருவர் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மாறி, கைபேசியைத் தொடாமல், பிள்ளைகளைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்க வேண்டும். எல்லோரும் கரையில் இருக்கிறோம் என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆறாம் படி: கழற்றுதல்

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். முளைகளையும் சாக்குகளையும் எண்ணி எடுங்கள். மணலில் விட்ட கம்பி அடுத்து வருகிறவரின் காலைக் கிழிக்கும். குப்பையை நகரத்துக்குக் கொண்டுபோங்கள், வளவில் புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். சிப்புகளில் உப்பும் மணலும் ஏறியிருக்கும். கிணற்று நீரால் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டபிறகே மடியுங்கள். படங்கையும் தண்ணீர்க் கலன்களையும் மாமியிடமே விட்டுவிட்டு வாருங்கள். அவருக்கு மாரியில் உதவும், உங்களுக்கு விமானப் பொதியில் எடை குறையும்.