ஏலக்காய் லாட்டுக்கு எந்த வரிசை? ஜாவாவில் கம்பேரபிளும் கம்பேரட்டரும்

கம்பத்தில் எங்கள் மாமாவுக்கு ஏலக்காய் வியாபாரம். கம்பமெட்டு ஏறி, கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கத் தோட்டங்களில் காய் எடுப்பார். அவருக்காக ஜாவாவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 'லாட்' (ஒன்றாக விற்கும் ஒரு தொகுதிக் காய்) என்று ஒரு கிளாஸ், அதாவது பொருளுக்கான வார்ப்பு. அதில் லாட் எண், எடை, கிலோ விலை, எல்லாமே இன்ட், அதாவது முழு எண். இவற்றை வரிசைப்படுத்தும் இடத்தில்தான் புதிதாகப் படிப்பவர்கள் திணறுகிறார்கள்.

முதலில் இதை யோசியுங்கள்: யார் கேட்டாலும் மாறாத ஒரு வரிசை இந்தப் பொருளுக்கு இருக்கிறதா? லாட்டுக்கு இருக்கிறது, லாட் எண். அதைக் கிளாஸுக்குள்ளேயே வையுங்கள். கிளாஸ் 'கம்பேரபிள்' இன்டர்ஃபேஸை (என்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) இம்ப்ளிமென்ட் செய்யட்டும். உள்ளே 'கம்பேர்டூ' (compareTo) மெத்தட், இந்த லாட்டை இன்னொரு லாட்டோடு ஒப்பிடுவது. இந்த லாட் முன்னால் வர வேண்டுமென்றால் மைனஸ் எண், பின்னால் என்றால் பிளஸ் எண், சமம் என்றால் 0. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அந்த விடையையே திருப்பித் தராதீர்கள். விடை, இன்ட்டின் உச்ச எண்ணான 2147483647-ஐத் தாண்டினால் குறி மாறிவிடும், வரிசையும் குலையும். 'இன்டிஜர்.கம்பேர்' இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

சரி, மாமா காலையில் விலை வாரியாகக் கேட்பார், வண்டியில் ஏற்றும்போது எடை வாரியாகக் கேட்பார். இப்படி ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறும் வரிசைகளுக்கு, கிளாஸுக்கு வெளியே 'கம்பேரட்டர்' என்ற தனி ஒப்பீட்டு விதியை எழுதுங்கள்; எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். வேறொருவர் எழுதிய, நாம் கை வைக்க முடியாத கிளாஸுக்கும் இதுதான் வழி. 2014-இல் வந்த ஜாவா 8-லிருந்து இது ஒரே வரி வேலை: 'கம்பேரட்டர்.கம்பேரிங்இன்ட்' என்பதற்குள் விலையைக் கொடுத்து, பின்னால் 'ரிவர்ஸ்டு' போட்டால் அதிக விலை மேலே வரும்.

இந்த விலைக் கம்பேரட்டரை மட்டும் கொடுத்து லாட்களை ஒரு 'ட்ரீசெட்'டில் (ஒரே பொருளை இருமுறை சேர்க்காத, தானே வரிசைப்படுத்தும் தொகுப்பு) போட்டிருந்தேன். பட்டியலைப் பார்த்த மாமா, "ஒரு லாட்டைக் காணோமே மாப்ள" என்றார். 2400 ரூபாயில் இரண்டு லாட் இருந்தன. விலை சமம், அதனால் கம்பேரட்டர் 0 தந்தது. 0 வந்தால் ட்ரீசெட் இரண்டும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் சேர்க்காது. சாதாரணப் பட்டியலான 'அர்ரேலிஸ்ட்'டை சார்ட் செய்திருந்தால் எதுவும் காணாமல் போகாது, சமமானவை பழைய வரிசையிலேயே அடுத்தடுத்து நிற்கும்.

இதைச் சரிசெய்ய, விலை சமமானால் லாட் எண்ணைப் பார்க்கும்படி, 'ரிவர்ஸ்டு'க்குப் பிறகு 'தென்கம்பேரிங்இன்ட்' போட்டு லாட் எண்ணைக் கொடுத்தேன். முன்னால் போட்டால் லாட் எண்ணும் சேர்ந்து தலைகீழாகிவிடும். அப்புறம் 2400-இல் இரண்டு லாட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.