ஏக்யூஐ பச்சை, வானம் பழுப்பு: புகைக்காலப் படப் பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் மதியம் கிளம்பி, யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாக டயோகா கணவாயைத் தாண்டி மோனோ ஏரிக்கு இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துக்கொண்டே போனோம். இங்கே எல்லோரும் ஏக்யூஐ என்று சொல்லும் எண். 38 காட்டியது. பச்சை. “கவலையே வேணாம்டா” என்றான் நண்பன்.

இரவு பத்து மணி. தென்கரையில் சுண்ணாம்புத் தூண்களுக்கு முன்னால் டிரைபாடை நிறுத்தி, 20 வினாடி எக்ஸ்போஷர். திரையில் மேல் பாதி முழுக்க நட்சத்திரம். கீழ்ப் பாதியில், பால்வீதியின் மையம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஆறிப்போன டீ நிறத்தில் ஒரு பழுப்பு. “லென்ஸ்ல மூச்சு பட்டிருக்கா பாரு.” துடைத்தோம். மறுபடியும் அதே பழுப்பு. மூன்றாவது படத்தில்தான் உறைத்தது, அது காட்டுத்தீப் புகை. மூக்குக்கு வாசமே வராத புகை.

புகை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியதுதான் நாங்கள் செய்த தப்பு. எந்த உயரத்தில், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று பார்த்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கேமராவோடு அலையும் நம்மவர்களிடம் நான் பார்க்கும் மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதில்தான் வந்து முடிகின்றன.

தரையில் வரும் எண்ணை வைத்து வானத்தைக் கணிப்பது

ஏக்யூஐ என்பது நாம் மூச்சு விடும் காற்றின் கணக்கு. கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது; அங்கே மிதக்கும், பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்களை அளக்கிறது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் புகை ஆறாக ஓடினாலும் அதற்குத் தெரியாது. நட்சத்திர ஒளியோ அந்த ஆற்றைக் கடந்துதான் லென்ஸுக்கு வந்தாக வேண்டும்.

2020 செப்டம்பர் 9 இதற்கு நல்ல உதாரணம். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை பத்து மணிக்குக்கூட வானம் ஆரஞ்சாக இருந்தது, வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் அன்றைக்குத் தரையில் காற்று, பார்வைக்குத் தெரிந்த அளவு மோசமில்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றுப் படலம் கீழே தங்கிவிட, புகை அதற்கு மேலே போர்வையாகக் கிடந்தது.

அதனால் இரண்டு படங்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வளிமண்டல நிறுவனமான நோவா நடத்தும் எச்ஆர்ஆர்ஆர்-ஸ்மோக் என்ற கணிப்பு மாதிரியில் இரண்டு வகை வரைபடம் உண்டு. ஒன்று தரையொட்டிய புகை. இன்னொன்று, தரையிலிருந்து வானம் வரை ஒரு தூணில் மொத்தம் எவ்வளவு புகை என்பது. நுரையீரலுக்கு முதலாவது, பால்வீதிக்கு இரண்டாவது. 3 கி.மீ. துல்லியத்தில், 48 மணி நேரம் வரை முன்னோக்கிச் சொல்லும். அதற்கு மேல் யாராவது சொன்னால் ஜோசியமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கோஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தையும் பாருங்கள், ஆனால் நண்பகலில் வேண்டாம். சூரியன் சாய்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் மெல்லிய புகையும் அதில் பளிச்சென்று தெரியும்.

திசையை மறப்பது இதைவிடப் பெரிய தப்பு. மோனோ ஏரி இருக்கும் அட்சரேகையில் பால்வீதியின் மையம் தெற்கே சுமார் 23 டிகிரிக்கு மேல் ஏறாது. மதுரையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதே மையம் 50 டிகிரி உயரத்துக்கு வரும். ஊரில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து ஏமாறுவது இதனால்தான். 23 டிகிரியில் பார்க்கும்போது, தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட இரண்டரை மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்கிறோம். எங்கும் ஒரே சீராகப் பரவிய புகை உச்சியில் 30 சதவீத ஒளியை விழுங்கினால், தெற்கே அந்தத் தாழ்வில் 60 சதவீதத்தை விழுங்கிவிடும். உச்சி வானம் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இப்போதெல்லாம் டிரைபாடை விரிப்பதற்கு முன் நான் கேட்டையைத் தேடுகிறேன். விருச்சிகத்தின் நெஞ்சில் இருக்கும் அந்தச் சிவந்த நட்சத்திரம் மையத்துக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதே உயரத்தில் வரும். வெறுங்கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், அன்றைக்கு வேறு திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நேற்றைய நிலவரத்தை நம்பிக் கிளம்புவது

மலையில் புகைக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். கூடவே புகையும் இறங்கும். வெயில் ஏறி அந்தக் குளிர்ந்த தேக்கம் கலையும்வரை அங்கேயே கிடக்கும். அதனால் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் சூரிய உதயத்துக்காக அலாரம் வைத்து எழுந்து போய்ச் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். அதே நாளில் பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தெளியலாம். மதியத்துக்கு மேல் தீ வேகம் பிடிக்கும், காற்றும் எழும். புதுப் புகை வரும். சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் தீ எரிந்தால், பிற்பகல் காற்று புகையை முகட்டுக்கு மேலே தூக்கிக் கிழக்கே கொட்டிவிடும். எங்கள் சனிக்கிழமை இரவுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நிலவரத்தை நேரடியாகத் தெரிந்துகொள்ள யோசெமிட்டியின் வெப்கேம்கள் போதும். தூரத்தை மனதில் வைத்துப் பாருங்கள். டனல் வியூ என்ற பார்வையிடத்திலிருந்து எல் கேப்பிட்டன் பாறை சுமார் 4 கி.மீ., ஹாஃப் டோம் பாறை சுமார் 13 கி.மீ. ஹாஃப் டோம் மங்கலான நிழலாகத் தெரிந்தால், தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போடும் நாள். அது காணாமல் போய் எல் கேப்பிட்டன் மட்டும் நின்றால், மரம், கல், ஆறு என்று பக்கத்தில் இருப்பதை எடுக்கும் நாள். எல் கேப்பிட்டனும் இல்லையென்றால் வீட்டில் இருங்கள்.

கேமராவில் செய்யும் தப்புகள்

அந்த ஆரஞ்சு நாளில் சான் ஃபிரான்சிஸ்கோ முழுக்க ஒரே புலம்பல்: “கண்ணுக்குத் தெரியுறது போன்ல வரவே மாட்டேங்குது.” வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த நிறத்தைத் ‘தப்பான வெளிச்சம்’ என்று எடுத்துக்கொண்டு, திருத்திச் சாம்பலாக்கிவிட்டது. புகை நாளில் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு, 5,500 கெல்வின் பக்கம் பூட்டிவிடுங்கள். கேமரா பதப்படுத்தாத ‘ரா’ கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றலாம்தான்; ஆனால் களத்தில் திரையில் தெரியும் படம் பொய் சொன்னால் நம் முடிவுகளும் பொய்யாகப் போகும்.

அடுத்தது ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை வரைபடம் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். புகைக்குள் மறையும் சூரியனைச் சுற்றி விவரமே இல்லாமல் தட்டையான ஆரஞ்சுத் திட்டு வருவது இதனால்தான். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் புகையை வெட்டும் என்பது பரவலான நம்பிக்கை. நீல வானத்தின் ஒளி காற்று மூலக்கூறுகளில் சிதறி வருவதால் ஒரே திசையில் முனைவுற்றிருக்கிறது, போலரைசர் அதை அடக்குகிறது. புகைத்துகள் மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அதில் பட்டுச் சிதறும் ஒளி அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல் வெளிச்சம் போனதுதான் மிச்சம். யுவி ஃபில்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம். அகச்சிவப்புக்கு மாற்றிய பழைய கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் கொடுத்துவைத்தவர்கள். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது என்பதால், நீண்ட அலை அதை ஓரளவு தாண்டி வந்துவிடும்.

இதே காரணத்தால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புகைக்குள் சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி சாதுவாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் குறைந்திருக்கிறது; அகச்சிவப்பு கணிசமாக வந்துகொண்டே இருக்கும். 400 மி.மீ. லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வியூஃபைண்டரில் அதை உற்றுப் பார்க்கக் கூடாது. திரையில் பாருங்கள்.

இரவில் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை ஏற்றினால் நட்சத்திரம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நட்சத்திரத்தோடு பழுப்பும் ஏறும். பக்கத்தில் ஊர் இருந்தால் அதன் விளக்கொளியைப் புகை வாங்கிப் பரப்பி இன்னும் கெடுக்கும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், மங்கலை நீக்கும் டீஹேஸை 80-க்குத் தள்ளினால் வருவது பால்வீதி அல்ல. மணல் கொட்டியது போன்ற நாய்ஸும், மலை விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும்தான். பகல் படங்களில் டீஹேஸை மாஸ்க் போட்டு, தூரத்து மலைக்கு மட்டும் 15, 20 வரை கொடுத்தால் போதும்.

சாம்பல்

மறுநாள் காலை கார் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி. விரலில் தொட்டால் விபூதி மாதிரிதான் இருந்தது. நண்பன் யோசிக்காமல் வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் அரைவட்டமாகக் கீறல். நான் அவனைத் திட்டிவிட்டு, டி-ஷர்ட் நுனியால் என் லென்ஸ் ஃபில்டரைத் துடைத்தேன். அதிலும் கீறல். யாருக்கு அறிவு அதிகம் என்ற விவாதம் அதோடு முடிந்தது.

நம் பாட்டிமார் சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கியது சும்மா இல்லை. அது தேய்க்கும், ஈரம் பட்டால் காரமும் ஆகும். அதிகாலைப் பனி ஈரத்தோடு லென்ஸில் படிந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். முதலில் லென்ஸைத் தரை பார்க்கக் கவிழ்த்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். போனது போக மீதிக்கு மென்தூரிகை. துணி கடைசியில்தான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் சாம்பலை ஒட்டவைக்கும். லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் காருக்குள், கதவை மூடிக்கொண்டு மாற்றுங்கள். டிரைபாட் கால்களை மடக்குவதற்கு முன் துடைக்காமல் விட்டால், அடுத்த பயணத்தில் பூட்டுகள் கரகரக்கும்.

ரத்து செய்யத் தயங்குவது

அறைக்குக் கட்டிய பணம் போகிறதே என்று புகைக்குள் போகிறவர்கள் அதிகம். நானும் போயிருக்கிறேன். தீ காலத்தில் திறந்திருக்கும் இடம் திறந்தே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2018-இல் ஃபெர்குசன் தீயால் யோசெமிட்டி பள்ளத்தாக்கை ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 14 வரை மூடினார்கள். 2020 செப்டம்பர் 17 அன்று புகைக்காக மட்டுமே பூங்காவை மூடினார்கள். 2021 ஆகஸ்ட் கடைசி நாளிலிருந்து இரண்டு வாரம், கலிஃபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய எல்லாமே பொதுமக்களுக்கு மூடப்பட்டன. ஜூலை முதல் அக்டோபர் வரை, பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் போடுங்கள்.

ஏக்யூஐ 150-ஐத் தாண்டினால் நான் திரும்பிவிடுவேன். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் 100-லேயே திரும்ப வேண்டும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் துகளுக்கு உதவாது. முகத்தோடு ஒட்டிய என்95 வேண்டும். காரில் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள்.

இருட்டைத் தேடிப் போகும் நாம் போய் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சாலை உள்ள முட்டுச்சந்துகள். இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2020 செப்டம்பர் 5 அன்று கிரீக் தீ சாலையை மறித்துவிட, மாமத் பூல் நீர்த்தேக்கக் கரையில் முகாமிட்டிருந்த 200-க்கும் மேற்பட்டவர்களை இரவோடு இரவாக ராணுவ ஹெலிகாப்டர்களில்தான் தூக்கி வந்தார்கள். சிக்னல் போவதற்கு முன்பே வாட்ச் டூட்டி செயலியில் அக்கம்பக்கத் தீக்களைப் பார்த்து, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். காரை வெளியேறும் திசையில் முகம் வைத்து நிறுத்துங்கள்.

தீக்குப் பக்கத்தில் டிரோனை எடுக்கவே எடுக்காதீர்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது ஒரு டிரோன் மோதி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஓட்டை விழுந்தது. அந்த விமானம் பழுது பார்க்கப் போய்விட்டது.

இத்தனைக்குப் பிறகும் புகையை முழு எதிரி என்று சொல்ல மாட்டேன். மெல்லிய புகையில் 200 மி.மீ. லென்ஸுக்கு மலை முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கருநீலத்திலிருந்து வெளிர்சாம்பல் வரை அடுக்கடுக்காக விரியும். தெளிந்த நாளில் அது கிடைக்காது. வைட் ஆங்கிளோடு போனவன்தான் ஏமாறுவான்.

பால்வீதிதான் வேண்டும் என்றால் மாதத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆடி அமாவாசையும் ஆவணி அமாவாசையும் தீக்காலத்தின் நடுவயிற்றில் விழுகின்றன. மே மாத அமாவாசையில் பெரும்பாலும் காடு இன்னும் ஈரமாக இருக்கும். அதற்கு விலை தூக்கம்: மையம் உச்சிக்கு வர அதிகாலை மூன்று மணி ஆகிவிடும். டயோகா சாலையும் அப்போது பெரும்பாலும் பனியில் மூடிக்கிடக்கும், வடக்கே டாஹோ பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் மோனோ ஏரிக்குப் போக வேண்டும். நண்பன் ஏற்கெனவே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். வைப்பரையும் மாற்றிவிட்டான்.