படிக்காத பெரியவர்களைப் படிக்க அழைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் புதிதாகத் தொடங்கிய தமிழ் வாசிப்புக் குழுவின் இரண்டாவது சந்திப்புக்குப் போயிருந்தேன். நடத்திய இருவரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள், நல்ல படிப்பாளிகள். வந்திருந்த பதினான்கு பேரில் பத்துப் பேராவது பள்ளியை விட்ட பிறகு ஒரு கதைப் புத்தகத்தைக்கூடக் கையில் எடுக்காதவர்கள். அப்படிப்பட்டவர்கள்தாம் வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தார்கள். அதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். பிறகு அந்த இருவரில் ஒருவர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதில் ஐந்து வினாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் விடை எழுத மூன்று கோடுகள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலை குனிந்துவிட்டது. 2016இல் தேசிய நூலக வாரியம் தேசிய வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கிய உற்சாகத்தில் நானும் ஒரு குழுவைக் கூட்டி, ஏறத்தாழ இதே தாளை அச்சடித்துக் கொடுத்தவன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் கூட்டம் வைப்பது, ஒலிவாங்கியை மணிக்கணக்கில் ஒருவரிடமே விட்டுவிடுவது போன்ற தவறுகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கூட்டங்களில் அவை தாமே புரிந்துவிடும். பல ஆண்டுகள் ஆகியும் எனக்கே புரியாமல் இருந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தடித்த நாவலில் தொடங்குவது

நம்மை ஆட்கொண்ட நூல் அடுத்தவரையும் ஆட்கொள்ளும் என்ற நம்பிக்கை வாசகர்களுக்கு இயல்பாகவே உண்டு. அந்த நம்பிக்கையில், இருபது ஆண்டுகளாக எதையும் படிக்காத ஒருவரிடம் நான் எழுநூறு பக்க நாவலைக் கொடுத்தேன். அவர் அதை மரியாதையோடு வாங்கிக்கொண்டு போய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது. அதன் மேல் குளிரூட்டியின் ரிமோட் இருந்தது.

உட்லண்ட்சிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு எம்ஆர்டி ரயிலில் போக ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றை அதற்குள் அவசரமில்லாமல் முடித்துவிடலாம். ஒன்றை முடித்தோம் என்ற நினைப்போடு ரயிலிலிருந்து இறங்குகிறவர் மறுநாள் இன்னொன்றை எடுப்பார். நாவலின் நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனவருக்கோ அந்த நாற்பது பக்கங்களும் ஒரு கடனாகவே நினைவில் இருக்கும்.

கண்ணையும் எழுத்தையும் மறப்பது

எங்கள் குழுவில் ஓர் அம்மா எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் இரண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். ஆர்வமில்லை என்று நானே முடிவுகட்டி, மேலும் மேலும் சுவையான கதைகளைத் தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இருந்தது, கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் ஏறத்தாழ எல்லாருக்கும் வரக்கூடியது அது. கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளப் பழகியவர்களுக்கு அது வந்திருப்பதே தெரிவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகு அவர் என்னைவிட வேகமாகப் படித்தார்.

இன்னொன்று பழைய பதிப்புகள். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த புத்தகம் என்று பெருமையோடு கொடுப்போம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்குள்ள பள்ளிப் பாடநூல்களும் பின்னர் அதையே ஏற்றுக்கொண்டன. யானைத் துதிக்கை போல் வளைந்து நிற்கும் பழைய ‘லை’யையும் ‘னை’யையும் ஒருபோதும் பார்த்திராத ஒருவர், வரிக்கு இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்து, தமக்குத் தமிழ் மறந்துவிட்டது என்றே நம்பிவிடுவார். உள்ளூர்க் கதைகள் வேண்டுமென்றால், நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்கீழ் ஐம்பது ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்கமாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்தின் வழியாகக் கிடைக்கின்றன. திரையில் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதே அந்த அம்மாவைப் போன்றவர்களுக்குப் பாதி உதவி.

‘நேரமில்லை’ என்பதைச் சாக்கு என்று நினைப்பது

பன்னிரண்டு மணி நேர வேலைமுறையில் இருக்கும் பாதுகாவல் அதிகாரியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கருத்தறிதல் வினாத்தாள்

படித்தது புரிந்ததா என்று சோதிக்கும் அந்த ஐந்து வினாக்களுக்கு இப்போது வருகிறேன். இதை மட்டும் என்னால் இன்னும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் குழுவுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நான்கு மாதங்கள் தொடர்ந்து வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஐந்தாம் மாதம் அவராகவே ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சந்திப்பில், இருபது பேர் நடுவே, அவரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, அந்தத் தொகுப்பின் முதல் கதையில் ஆசிரியர் நமக்குக் கூற வரும் கருத்து என்ன என்று கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, “முழுசா படிச்சேன் சார். ஆனா நீங்க கேக்குறதுக்குப் பதில் தெரியல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அன்போடுதான். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. புத்தகம் அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கும் வேறொருவர் கையில் திரும்பி வந்தது, பிளாஸ்டிக் பையில் சுற்றி, கசங்காமல்.

ஓராண்டு கழித்து அவரை ஒரு காப்பிக் கடையில் பார்த்தேன். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்து, நான் எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார்: “அந்தக் கதையில வர்ற அம்மா எங்க அத்தை மாதிரியே இருந்தாங்க சார். கோவம் வந்தா சோத்துப் பானையை மூடி வச்சிட்டு வாசல்ல போய் உக்காந்துக்குவாங்க. அத அங்க சொல்லலாமான்னு தெரியல. நீங்க கேட்டது வேற இல்லையா?”

அன்று மாலை அந்த அறையில் யாரும் சொல்லாத ஒன்றை அவர் வைத்திருந்தார். அதைச் சொல்ல விடாமல் செய்தது என் கேள்வி. அவர் படித்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டதோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட கடைசிப் பள்ளியும் இங்கே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு பள்ளியில் தமிழ் என்பது ஒரு பாடம். வாய்விட்டு வாசித்தலுக்கு இத்தனை மதிப்பெண், கருத்தறிதலுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒரு வினாவுக்காகவே அச்சிடப்பட்டு அவர்கள் முன் வந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தேர்வு இருந்தால் தேர்வுக்குத் தயார்செய்யத்தான் வேண்டும். ஆனால் இப்படி வளர்ந்த ஒருவருக்குத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் எங்கோ ஒரு சிவப்பு மைப் பேனா காத்திருப்பதாகவே தோன்றும். இத்தனை ஆண்டுகள் அவர் எதையும் படிக்காமல் இருந்ததைச் சோம்பல் என்பது எளிது. என் கண்ணுக்கு அது தேர்வறையிலிருந்து தப்பி வந்த ஒருவரின் நிம்மதியாகத்தான் தெரிகிறது. அவரை மறுபடி அழைத்து வந்து, தேநீரும் பலகாரமும் கொடுத்து, அதே தாளை நீட்டினோம்.

இந்தத் தவறு பல வேடங்களில் வரும் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். வினாத்தாளை விட்டவர்கள் ‘இரண்டு நிமிடம் கருத்துரை’ என்று வைப்பார்கள். அதையும் விட்டவர்கள் மின்தூக்கியில் பார்க்கும்போது “படிச்சாச்சா அண்ணே?” என்பார்கள். இந்த மூன்றாவது வேடத்தைக் களைய எனக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. புத்தகம் கொடுத்த ஒருவர் என்னைக் கண்டதும் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பதாகப் பாவனை செய்தபோதுதான் உறைத்தது.

இப்போது நாங்கள் செய்வது மிக எளிமையானது. யாராவது ஒருவர் ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்களை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சுவையான இடத்தில் படிப்பவர் நிறுத்திவிடுவார். அந்தப் பக்கத்தின் நகல்களும் புத்தகமும் மேசை மேல் கிடக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் முறுக்கை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் யார் என்று குறித்து வைப்பதில்லை. பேச வேண்டுமென்றால் முதலில் நான் பேசுவேன், அதுவும் எனக்குப் புரியாத இடத்தைப் பற்றியோ, சலிப்பூட்டியதால் தாண்டிப்போன பக்கங்களைப் பற்றியோ. நடத்துகிறவரே பக்கங்களைத் தாண்டுகிறார் என்று தெரிந்ததும் அறையில் தோள்கள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

‘பயனுள்ள’ நூல்களாகப் பொறுக்குவது

துப்பறியும் கதை கேட்பவருக்குத் துப்பறியும் கதையைக் கொடுங்கள்.

ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைப்பது

எண்ணிக் கணக்கு வைக்கக் கைக்கடிகாரம் எண்ணும் காலடிகளே போதும்.

தமிழா ஆங்கிலமா என்று வழக்காடுவது

தமிழ்க் குழுவுக்கு வந்தவர் ரயிலில் ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தால் அவரைக் கேலி செய்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் இரண்டு மொழியிலும் எதையும் படிக்காதவர்கள்.

நம் அட்டையில் இரவல் எடுத்துக் கொடுப்பது

உதவி போலத் தோன்றும், ஆனால் உறவைக் கெடுக்கும். பொது நூலகப் புத்தகத்துக்கு 21 நாள் தவணை. நீட்டித்தால் மேலும் 21 நாள். மெதுவாகப் படிக்கும் ஒருவருக்கு அது போதாது. தவணை நெருங்க நெருங்க நாம் நினைவூட்ட வேண்டியிருக்கும், அந்த நினைவூட்டலும் “படிச்சாச்சா?” என்பதும் அவர் காதில் ஒன்றுதான். அவரை ஒரு சனிக்கிழமை நூலகத்துக்கு அழைத்துப் போய், அவருடைய அடையாள அட்டையிலேயே உறுப்பினராக்கி, தமிழ் அடுக்கைக் காட்டிவிட்டு, நாம் செய்தித்தாள் பகுதிக்குப் போய்விட வேண்டும். எதை எடுத்தார் என்று பையை எட்டிப் பார்க்கக் கூடாது. நான் அழைத்துப் போனவர்களில் ஒருவர் சமையல் புத்தகங்கள் நான்கை எடுத்து வந்தார். அடுத்த முறையும் நான்கு சமையல் புத்தகங்கள். மூன்றாம் முறை என்ன எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, அன்று அவர் தனியாகவே போயிருந்தார்.