நின்று கிளம்பும்போது பிக்கப் திணறுகிறதா? நாசிலை இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த காமன் ரயில் டீசல் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டத்தில் இருக்கும்போது வண்டி நன்றாகத்தான் இழுக்கும். நின்று கிளம்பும்போது மட்டும் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய், பிறகுதான் எழும். மதுரை மாட்டுத்தாவணியில் லோடு ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலுக்கு வருகிறவருக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு ஆபத்து என்று தெரியும். எங்கள் வண்டிக்கு இந்தத் தொல்லை வந்தபோது கேட்ட முதல் பதில், “நாசில் போச்சுண்ணே, இறக்கிரலாம்.” இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத்தான் நாசில் என்கிறோம். கடைசியில் போயிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ்.

1. புகையையும் சத்தத்தையும் கவனியுங்கள்

லோடு ஏற்றி, ஆளில்லாத ரோட்டில், நின்ற இடத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்கட்டும்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச். சத்தமும் ஏறாமல் கரும்புகை தள்ளினால், டீசல் போகிறது, அதற்குத் தேவையான காற்று போகவில்லை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே சரியாகப் போகவில்லை, அல்லது மிதித்த செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்து முடிவு சொல்கிறவர் பேச்சை நம்பாதீர்கள். லோடு இல்லாத இன்ஜினில் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

2. ஏர் ஃபில்டர், பிரேக்

மேலூர்ப் பக்கம் கல், மண் ஏற்றுகிற வண்டி என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு வீலின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

3. டீசல் ஃபில்டர்

ஃபில்டரின் அடியில் இருக்கும் டிரெயின் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். பிறகு கை பம்ப் கெட்டியாகும்வரை அடித்து ஏரை வெளியேற்றுங்கள்.

டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் இல்லாத வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. பம்ப் உறிஞ்சித்தான் டீசலை இழுக்கிறது. லைனில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸுக்குப் பதிலாக, டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். குமிழ் தொடர்ந்து ஓடினால் அதுதான் காரணம்.

இதைச் செய்யும்போது, பம்பிலிருந்து ரயிலுக்கும் (டீசலை அழுத்தத்தோடு சேர்த்து வைக்கும் பொதுக் குழாய்) ரயிலிலிருந்து நாசிலுக்கும் போகும் இரும்புக் குழாய்களை இன்ஜின் ஓடும்போது தொடவே கூடாது. அதில் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

4. டர்போ ஹோஸ்: நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான்

கரும்புகை தள்ளும் வண்டிக்கு முதல் சந்தேகம் இதுவே. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு ஹோஸ். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டும் புதிது மாதிரியே தெரியும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டித்தான் இருக்கும். இன்ஜின் சும்மா ஓடும்போது அது மூடியே இருக்கும். நின்று கிளம்பும்போது இன்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கம் சாயும். ஹோஸ் இழுபடும், வெடிப்பு வாய் திறக்கும், டர்போ சேர்த்த காற்று வெளியே போய்விடும். வண்டி வேகமெடுத்து மிதி தளர்ந்ததும் இன்ஜின் பழைய இடத்துக்கு வந்துவிடுவதால் இழுவையும் திரும்பி வருகிறது. அதனால்தான் பலருக்கு இது நாசில் கோளாறு மாதிரித் தெரிகிறது.

இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸைக் கையால் தடவுங்கள். உள்ளே லேசாக எண்ணெய் படிவது வழக்கம். வெளிப்பக்கம் எண்ணெய்ப்பசையும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் அங்கேதான் காற்று போகிறது.

உறுதி செய்ய, டர்போவிலிருந்து வரும் ஹோஸை டர்போ பக்கமும், இன்ஜினுக்குப் போகும் ஹோஸை இன்ஜின் பக்கமும் கழற்றுங்கள். பிவிசி எண்ட் கேப் இரண்டு வாங்கி, ஒன்றில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, இரண்டு வாயையும் அடைத்துக் கிளிப் போடுங்கள். 10 பிஎஸ்ஐ காற்று போதும். கேப் தெறிக்கலாம், நேர் எதிரே நிற்க வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தடவி, ஹோஸைக் கையால் வளைத்து, முறுக்கிப் பாருங்கள். வளைக்காமல் பார்த்தால் குமிழ் வராமலே போகலாம்.

மாற்றும்போது பழைய திருகு கிளிப்பை மறுபடி போடாதீர்கள். அகலமான டி-போல்ட் கிளிப்தான் என் தேர்வு. ஓரம் ஹோஸை அறுக்காது, பிடியும் சீராக இருக்கும். புது ஹோஸும் சீக்கிரமே வெடித்தால் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள்.

5. ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துச் சொல்லும், போனோடு சேரும் ப்ளூடூத் ஓபிடி கருவி போதும். ஆனால் கடையில் இருப்பதிலேயே மலிவானதை எடுக்காதீர்கள், அது பாதியில் தொடர்பை விட்டுவிடும். சாவி மட்டும் போட்டு, இன்ஜினை எழுப்பாமல், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் அளவைப் பாருங்கள். மதுரையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். கொடைக்கானலில் 80-க்குக் கொஞ்சம் கீழே வரும். இதிலிருந்து விலகினால் சென்சாரோ ஒயரோ சரியில்லை. பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். ஸ்கேனரில் பெடல் அளவைக் காட்டும் எண் சீராக ஏற வேண்டும். நடுவில் விழுந்து எழுந்தால் பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது. கோளாறு கோடு பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, பி0087 என்றால் ரயில் அழுத்தம் குறைவு.

6. ஈஜிஆர், அதற்குப் பிறகு நாசில்

புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றால், காற்று போக வேண்டிய இடத்தில் புகை போகும். கழற்றிக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது ஊரார் சுவாசிக்கும் காற்று.

இவ்வளவும் சரியாக இருந்தால் நாசிலுக்கு வாருங்கள். கழற்றும் முன், ரிட்டர்ன் குழாய்களை ஒரே அளவு பாட்டில்களில் விட்டு ஐடிலில் ஓட விடச் சொல்லுங்கள். எது மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த நாசில்தான் தேய்ந்தது. நான்கையும் மாற்றச் சொன்னால் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் சிலர், ஹோஸ் நன்றாக இருந்தும் திணறல் போகவில்லை என்று எழுதினார்கள். புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உள்ள வண்டியில், அது கரியால் அடைத்தாலும் இதே திணறல்தான் வரும், ஆனால் கரும்புகை இருக்காது. மாட்டுத்தாவணிக்கும் சிம்மக்கல்லுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியில் சைலன்சர் போதுமான சூடு ஏறாததால் கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகிறது. மீட்டரில் டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் திருமங்கலம் நான்குவழிச் சாலையில் ஏறி, நடுவில் நிறுத்தாமல் சீரான வேகத்தில் இருபது நிமிடம் போய்ப் பாருங்கள். விளக்கு அணையாமல், இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துத்தான் அந்தக் கரியை எரிக்க முடியும்.