வெள்ளரி, எலுமிச்சை, டெக்கீலா: வீட்டிலேயே ஒரு குளிர் காக்டெயில்

இந்தக் காக்டெயிலின் உயிர் வெள்ளரிக்காய்தான். கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்தில் தங்கியிருக்கும். அந்த முனையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டு தின்று பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம்.

ஐந்தாறு வில்லைகளை 20 மி.லி. சர்க்கரைக் கரைசலுடன் ஷேக்கரில் போட்டு, சாறு விடும்வரை நசுக்குங்கள். பிறகு 60 மி.லி. வெள்ளை டெக்கீலா, அப்போதே பிழிந்த 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பைத் தவிர்க்காதீர்கள், மிச்சமிருக்கும் கசப்பை அடக்கி வெள்ளரியின் சுவையைத் தூக்கிக் காட்டுவது அதுதான். நிறையப் பனிக்கட்டி போட்டு, ஷேக்கரின் வெளிப்புறம் வியர்க்கும்வரை குலுக்கி வடிகட்டுங்கள்.

டெக்கீலா என்பது அகேவ் என்ற, கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மது. வாங்கும்போது ‘100% அகேவ்’ என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், அதை வடிக்கப் பயன்பட்ட சர்க்கரையில் 49% வரை அகேவ் அல்லாததாக இருக்கலாம்.