மலையகத்தில் ஓட்டோ ஆப்: குறைந்த விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

போனில் ஓட்டோ, கார் பிடிக்கும் ஆப்களான பிக்மீ, ஊபர் இரண்டுமே 2015இல் கொழும்பில் ஓடத் தொடங்கியவை. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதும் அதே பழக்கத்தில் இரண்டையும் திறந்து, குறைந்த தொகை காட்டுவதை அழுத்துகிறார்கள். மலையில் அந்தக் கணக்கு பல நேரம் பிழையாகிவிடுகிறது. இங்கே முதல் கேள்வி, வண்டி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்வரை வருமா என்பதுதான். விலை அதற்கு அப்புறம்.

அதிகம் நடக்கும் தவறு, இடத்தைக் குறிப்பதில். தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் தட்டினால் புள்ளி ஃபெக்டரியிலோ மெயின் ரோட்டுச் சந்தியிலோ போய் விழும். உங்கள் வீடு மேல் டிவிசனில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கும். ஆப் காட்டுவது சந்தி வரைக்கான காசு. மீதி ஏற்றத்துக்கு டிரைவர் கூடக் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. புள்ளியை விரலால் நகர்த்தி, கோயில், கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று ஏதாவது அடையாளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வைத்த பிறகு காட்டும் தொகையைத்தான் மற்ற ஆப்போடு ஒப்பிட வேண்டும். ஒன்றில் சந்தி, மற்றதில் வாசல் என்று வைத்து ஒப்பிட்டால் விடை பிழையாகத்தான் வரும். ஒன்றில் ஓட்டோவையும் மற்றதில் காரையும் பார்ப்பதும் அப்படியே.

வண்டி கிடைத்ததும் டிரைவருக்கு ஒரு கோல் எடுங்கள். "லயம் வரைக்கும் வருவீங்களா? பாதை உடைஞ்சிருக்கு, மழையும் பெய்யுது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொழுந்து லொறி ஏறும் பாதையில் எல்லா ஓட்டோவும் ஏறாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதி வழியில் சண்டை வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. டவுனில் இறக்கிவிட்டால் அவருக்கு அடுத்த ஹயர் உடனே கிடைக்கலாம். தோட்டத்தில் இறக்கிவிட்டால் பெரும்பாலும் வெறும் வண்டியோடுதான் திரும்ப வேண்டும். தோட்டத்து ஹயர் என்றதும் சிலர் கேன்சல் செய்வதற்கு இது முக்கியமான காரணம். திரும்பும் தூரத்துக்கும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தொகையை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

"கேன்சல் பண்ணிருங்க அக்கா, அதே காசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். கேன்சல் செய்த நொடியில் அந்தப் பயணத்துக்கு ஆப்பில் பதிவு இல்லை. வீட்டாருக்கு அனுப்பிய பயண லிங்க்கும் பயன்படாது, பையை விட்டுவிட்டால் தேடிப்பிடிப்பதும் கஷ்டம். இரவில் தனியாகப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இதை வீட்டில் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வண்டி இலக்கத்தையும் டிரைவரின் படத்தையும் சரிபார்த்த பிறகே ஏற வேண்டும்.

நேரமும் விலையை மாற்றும். நானுஓயாவில் ரயில் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறக்கிறார்கள். வண்டி குறைவு, கேட்பவர் அதிகம், தொகை ஏறிவிடும். நுவரெலியா டவுனுக்கு அங்கிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர்தான். சாமான் அதிகம் இல்லை என்றால் பஸ் போதும், அல்லது கூட்டம் கலையும்வரை கொஞ்சம் நின்று மறுபடி பாருங்கள். ஏப்ரல் சீசனிலும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்திலும் இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும். திரையில் முதலில் தெரியும் தொகை முடிவானது என்றும் எண்ணாதீர்கள். பாதை மாறினாலோ வழியில் நிறுத்திக் காத்திருக்க வைத்தாலோ கடைசியில் கூடலாம்.

திரும்பி வருவதை மறந்துவிடுகிறோம். போகும்போது டவுனில் சிக்னல் இருந்தது, வண்டி கிடைத்தது. வரும்போது பள்ளத்துக்குள் சிக்னலும் இருக்காது, ஆப்பில் வண்டியும் இருக்காது. தூரத்துத் தோட்டத்தில் ஒரு விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்றால், காத்திருந்து கூட்டி வர ஒரு வண்டியை மொத்தமாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் லாபம். ஆகவே ஒப்பிடும்போது சந்தி ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டோக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் மண் சரியும், எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவர் அவர். அவர் கேட்கும் காசு கூடுதலா என்று பார்க்கத்தான் ஆப் மிகவும் உதவும்.

கையில் சில்லறை வையுங்கள். கார்டு என்று போட்டிருந்தாலும் சிலர் காசாகத்தான் கேட்பார்கள். ஏறும் முன்பே கேட்டுக்கொண்டால் தொல்லை இல்லை.

கடைசியாக, நெஞ்சு வலி, பிரசவ வலி என்றால் ஆப்பைத் திறந்து விலை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2019 முதல் நாடு முழுவதும் ஓடுகிறது, இலவசம். அழைக்கும்போது தோட்டம், டிவிசன், பக்கத்தில் உள்ள கோயில் மூன்றையும் சொல்லுங்கள். டோர்ச் லைட்டோடு ஒருவரைச் சந்திக்கு அனுப்பி வையுங்கள்.