ஸ்க்ரூவை கடைசியில் தொடுங்கள்: கார்புரேட்டர் ட்யூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை தினமும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடுகிற பைக்கில் ஏர் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். இருந்தாலும் வண்டி சிக்னலில் ஆஃப் ஆனால் நாம் முதலில் கை வைப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவில்தான். முதல் தவறே அதுதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. நான் சொல்வது அதற்கு முந்தைய, எஞ்சினில் எதையும் மாற்றாத வண்டிகளுக்கு. அவற்றின் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டும் (சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) ஊசியும் கம்பெனியிலேயே அளந்து போட்டவை. திடீரென்று கெட்டுப்போக மாட்டா. ஃபில்டர் அடைக்கும், பிளக் தேயும், டேப்பட் (எஞ்சின் வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி மாறும், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று புகும். இந்த நான்கையும் பார்க்காமல் செய்கிற ட்யூனிங் ஒரு வாரம்கூட நிற்காது. ரப்பரைச் சோதிக்க, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் திருகாமல்) ஓடும்போது அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு இருக்கிறது. சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ட்யூன் செய்வதும் தவறு. பத்து நிமிடமாவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் விசை) ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அதிகம் பேர் குழம்புவது ஸ்க்ரூவின் திசையில். ஃபில்டர் பக்கம் இருந்தால் பொதுவாக அது ஏர் ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவை ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இரண்டும் நேர் எதிர். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன கணக்கை உங்கள் வண்டியில் போடாதீர்கள். மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, அதே அளவு வெளியே எடுங்கள். கடைசியில் இறுக்கினால் கூர்முனை நசுங்கும். அப்புறம் எந்த அளவும் பிடிக்காது. அங்கிருந்து கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்து, ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு 1400 ஆர்பிஎம் சுற்றுவட்டாரம் போதும்.

மைலேஜுக்காகப் பெட்ரோலைக் குறைத்து வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஏர் ஸ்க்ரூவோ கலவை ஸ்க்ரூவோ வேலை செய்வது ஐடிலிங்கிலும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகும்போதும்தான். நடுவில் ஊசி, முழுக்கத் திருகினால் மெயின் ஜெட். அதனால் ரோட்டில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. எஞ்சின் சூடாகும், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்ஸரில் பட் பட்டென்று வெடிக்கும். சில நாள் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: இளம் பழுப்பு என்றால் சரி, வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம்.

அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்து வண்டி திணறினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் கோளாறு அதுதான்; ட்யூனிங்கைத் தொட வேண்டியதே இல்லை.